துளி விழும் இடம்



சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடித்த அனுபவம் உங்களுள் பெரும்பாலோருக்கு இருக்கும். பத்துப் பதினைந்து முறை விரைந்து அடித்தபின் பம்ப்பின் அடிப்பகுதியைத் தொட்டால் விரல் சுடும். உள்ளே நிகழும் உராய்வு அதற்கு ஒரு சிறு காரணம். பெருங்காரணம் வேறு. எந்த வாயுவையும் விரைந்து அழுத்தினால் அது சூடேறும் என்பது இயற்கையின் நியதி. இந்த எளிய உண்மையிலிருந்துதான் இன்று நான் கூறவிருக்கும் வரலாறு தொடங்குகிறது. ஒரு சிறு குழாய் முனையிலிருந்து தூவப்படும் நீர்த்துளிகளின் வரலாறு அது. அந்த முனையை எஞ்சினில் எந்த இடத்தில் பொருத்துவது என்னும் கேள்விக்கு விடை தேடிப் பல நாட்டு அறிஞர்கள் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள்.

பெட்ரோல் எஞ்சினின் ஆற்றல், அது ஒரு முறை மூச்சிழுக்கும்போது எவ்வளவு காற்றை உள்வாங்குகிறது என்பதைப் பொறுத்தது. காற்று மிகுந்தால் அதற்கேற்ப எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். ஆகவே, எஞ்சினைப் பெரிதாக்காமலே அதன் ஆற்றலைப் பெருக்க வேண்டுமானால், காற்றை முன்கூட்டியே அழுத்தி உள்ளே செலுத்த வேண்டும். இதற்கு ஒரு வழியைக் கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலறிஞர் ஆல்ஃபிரட் பியூக்கி. எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே ஒரு சுழலியைச் சுற்றி, அதே தண்டில் பொருத்திய காற்றழுத்தியை இயக்கலாம் என்னும் கருத்துக்கு அவர் 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். அதுவே இன்று டர்போசார்ஜர் என்று வழங்குகிறது. 1918-இல் அமெரிக்கப் பொறியியலறிஞர் சான்ஃபோர்டு மாஸ் கொலராடோ மாநிலத்தில் ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்கு ஒரு விமான எஞ்சினை ஏற்றிச் சென்று, காற்று மெலிந்த அவ்விடத்தில் இச்சாதனம் எஞ்சினுக்கு வலிமையூட்டுவதைச் சோதித்துக் காட்டினார்.

ஆனால், சைக்கிள் பம்ப் நமக்குக் கற்பித்த பாடம் இங்கும் பொருந்துமன்றோ? 30 டிகிரி வெப்பமுள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், எவ்விதக் குறையுமில்லாத காற்றழுத்தியிலும் அதன் வெப்பநிலை 95 டிகிரியை எட்டும். உண்மையில் எந்தக் கருவியும் குறையற்றதன்று. ஆதலால் 120 டிகிரிக்குமேல் போவதும் உண்டு. இவ்வாறு கொதிக்கும் காற்று எஞ்சினின் உருளைக்குள் சென்று, அங்கே பிஸ்டனால் மீண்டும் அழுத்தப்படுகிறது. அப்பொழுது நேரும் தீங்குக்குப் பட்டறைகளில் ‘நாக்கிங்’ என்று பெயர். நாம் அதைத் தட்டல் என்போம்.

தட்டல் என்பது யாது? மின்பொறி பற்றியதும், நெருப்பு உருளையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நோக்கி ஒழுங்காகப் பரவ வேண்டும். அவ்வாறு பரவும் நெருப்பு, தனக்கு முன்னுள்ள எரியாத கலவையை நெருக்கிச் சூடாக்குகிறது. அந்தக் கடைசிப் பகுதி அளவுக்கு மீறிச் சூடேறினால், நெருப்பு வந்து சேரும்வரை பொறுத்திராமல் தானே வெடித்து எரிந்துவிடும். உலோகத்தைச் சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை எழும். அது நீடித்தால் பிஸ்டன் துளைபடும், எஞ்சின் அழியும். இவ்வுண்மையை நன்கு ஆராய்ந்து விளக்கியவர்களுள் தலையாயவர் இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ. எஞ்சினிலிருந்து எவ்வளவு ஆற்றலைப் பெறலாம் என்பதற்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் இந்தத் தட்டலே என்பது அவர் வற்புறுத்திய கருத்தாகும்.

சூட்டைத் தணிக்க நம் மூதாதையர் கையாண்ட வழியை நீங்கள் அறிவீர்கள். கோடையில் வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளிப்பார்கள். மண்பானையில் நீர் ஊற்றி வைப்பார்கள். நீர் ஆவியாகும்போது தன்னைச் சூழ்ந்த பொருள்களிலிருந்து வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. இதனை உள்ளுறை வெப்பம் என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். கொதிநிலையிலுள்ள 1 கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் வேண்டும். மெதனால் என்னும் மரச்சாராயத்துக்கு அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். பெட்ரோலுக்கோ அதில் ஆறில் ஒரு பங்களவே போதும். வெப்பத்தைக் கவர்வதில் நீருக்கு ஒப்பான எளிய திரவம் இல்லையென்றே கூறலாம்.

எனவே, எஞ்சினுக்குள் நீரைத் தூவினால் என்ன என்னும் எண்ணம் மிகப் பழையது. ஹங்கேரி நாட்டின் டோனாட் பாங்கி 1890-களிலேயே காற்றோடு நீரையும் சேர்த்து உட்செலுத்தி, அக்காலத்துக்கு மிக உயர்ந்த அழுத்த விகிதத்தில் இயங்கும் எஞ்சினை அமைத்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ரிக்கார்டோவின் ஆசிரியருமாகிய பெர்ட்ரம் ஹாப்கின்சன், பெரிய வாயு எஞ்சின்களின் உருளைக்குள் நேராகவே நீரைப் பீச்சும் முறையை 1913-இல் விளக்கினார். சுற்றிலும் நீர்ச்சட்டை அமைத்து உலோகத்தை வெளியிலிருந்து குளிர்விப்பதற்கு மாறாக, சூடு தாக்கும் உட்பரப்பிலேயே நீரைத் தெளிப்பது அவரது நோக்கம். நாஸில் என்று வழங்கும் தூவுமுனை எவ்விடத்தில் இருக்க வேண்டும், நீர் எந்தப் பரப்பில் விழ வேண்டும் என்பதை ஆராய்ச்சிக்குரிய பொருளாக மதித்தோருள் அவர் முன்னோடி. அழுத்தக் காற்று ஊட்டப்பட்ட எஞ்சின்களில் நீரைச் சேர்த்து, தட்டலின் எல்லை எவ்வளவு தூரம் பின்வாங்குகிறது என்பதைப் பிற்காலத்தில் ரிக்கார்டோ அளந்து பார்த்தார்.

இதற்கிடையே வேறொரு மருந்து புறப்பட்டது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, 1921 டிசம்பரில், ஈயம் கலந்த ஒரு சேர்மத்தைப் பெட்ரோலில் மிகச் சிறிதளவு சேர்த்தால் தட்டல் அடங்கிவிடுவதைக் கண்டார். வண்டியோட்டுபவர் தனியாக எதையும் நிரப்ப வேண்டியதில்லை. கூடுதல் தொட்டியோ குழாயோ முனையோ தேவையில்லை. 1923-இல் அது விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவியது. அது நஞ்சு என்பதும், குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது என்பதும் அறிவியலுலகில் நிலைநாட்டப்பட்டு, உலகின் கடைசி நாடும் மோட்டார் வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை நிறுத்தியபோது ஆண்டு 2021. நீரோ யாருக்கும் நஞ்சன்று. ஆயினும் அதற்கென்று ஒரு தொட்டி வேண்டும்; அதை மறவாது நிரப்பும் மனிதர் வேண்டும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது மீண்டும் நம்முன் வரும்.

இரண்டாம் உலகப் போர் நீரைப் போர்க்களத்துக்கு அழைத்து வந்தது. வானில் பகைவனைத் துரத்தும் விமானிக்குச் சில நிமிடங்களுக்கு மட்டும் மிகுந்த ஆற்றல் தேவை. அச்சில நிமிடங்களுக்காகப் பெரிய எஞ்சினைச் சுமந்து திரிவது வீண். அமெரிக்காவின் தேசிய விமானவியல் ஆலோசனைக் குழு இத்துறையில் விரிவான சோதனைகளை நடத்தியது. டர்போசார்ஜர் பொருத்திய தண்டர்போல்ட் போர்விமானத்தில் பிராட் அண்டு விட்னி நிறுவனத்தாரின் 18 உருளை எஞ்சின் இருந்தது. சாதாரணமாக 2,000 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், நீர் தூவும் ஏற்பாட்டின் துணையால் 2,300 வரை தந்தது. அதற்கு முன்னெல்லாம், உச்ச ஆற்றலின்போது தட்டலைத் தவிர்ப்பதற்காகத் தேவைக்கு மிகுதியான பெட்ரோலை உள்ளே கொட்டி, அந்தப் பெட்ரோலையே குளிர்விக்கும் பொருளாகவும் பயன்படுத்தி வந்தார்கள். நீர் வந்தபின், அது பாயத் தொடங்கும் கணத்திலேயே மிகுதிப் பெட்ரோலைக் குறைக்கும் அடைப்பிதழ் ஒன்றும் அமைக்கப்பட்டது. குளிர்விக்கும் வேலையை நீர் ஏற்றது. எரிவது மட்டுமே பெட்ரோலின் வேலையாயிற்று.

ஜெர்மானியரும் இவ்வழியிலேயே சென்றனர். மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் டெய்ம்லர்-பென்ஸ் 605 எஞ்சினுக்கு அவர்கள் 1944-இல் பயன்படுத்திய திரவத்தின் பெயர் எம்.டபிள்யூ. 50. அதில் மெதனால் 50 விழுக்காடு; நீர் 49.5 விழுக்காடு, எஞ்சிய அரை விழுக்காடு துருவைத் தடுக்கும் எண்ணெய். ஏறத்தாழ 1,475 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் அதன் துணையால் 1,800 வரை ஏறியது. ஆனால் ஒரே மூச்சில் 10 நிமிடங்களுக்குமேல் பயன்படுத்தலாகாது என்பது கட்டளை.

நீரிருக்க மெதனால் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உயர்ந்த வானில் குளிர் உறைநிலைக்கு வெகு கீழே போய்விடும். தனி நீர் தொட்டியிலேயே பனிக்கட்டியாகிவிடும். பாதிக்குப் பாதி மெதனால் கலந்தால் அது உறையாது. அஃதன்றியும், மெதனால் தானே ஓர் எரிபொருள். எளிதில் தட்டாத எரிபொருள். ஆயினும் அதன் மறுமுகத்தையும் கூற வேண்டும். மெதனால் கொடிய நஞ்சு, சிறிதளவு உட்கொண்டாலும் பார்வை போகும், உயிரும் போகும். அதன் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதும் அரிது. ஆகவே அதனைக் கையாள்வது விளையாட்டன்று.

இவ்விமானங்களில் தூவுமுனை எங்கே இருந்தது? மெஸ்ஸர்ஷ்மிட்டில் அது காற்றழுத்தும் ஊதுசக்கரத்தின் வாயிலில் இருந்தது. விரைந்து சுழலும் சக்கரம் துளிகளைச் சிதறடித்து நுண்புகையாக்கும்; அழுத்தத்தால் சூடு பிறக்கும் அதே கணத்தில் நீர் ஆவியாகி அச்சூட்டை விழுங்கும். காற்றுக்கும் நீருக்கும் கலக்க வேண்டிய நேரமும் கிடைக்கும். பெரிய சக்கரமும், சில நிமிடங்களே நீடிக்கும் பயன்பாடும் இருந்ததால் அவ்விடம் பொருத்தமாயிற்று. போருக்குப்பின் ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட் போன்ற சுழலி எஞ்சின்களும், வெப்பமிகுந்த நாடுகளில் விமானம் மேலெழும்போது குறைந்துபோகும் ஆற்றலை ஈடுசெய்வதற்கு நீரும் மெதனாலும் கலந்த திரவத்தைப் பயன்படுத்தின. டார்ட் எஞ்சின் பூண்ட வைக்கவுண்ட் விமானங்கள் நம் நாட்டு வானிலும் பறந்தவையே.

இனி வானத்திலிருந்து சாலைக்கு இறங்குவோம். 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டர்போசார்ஜர் பொருத்திய இரு கார்கள் சில வார இடைவெளியில் விற்பனைக்கு வந்தன. இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று ஷெவர்லே கோர்வேர். மற்றொன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். தட்டலை இரண்டும் வெவ்வேறு வழியில் எதிர்கொண்டன. கோர்வேரின் பொறியாளர்கள் எஞ்சினின் அழுத்த விகிதத்தைத் தாழ்த்தி, 8-க்கு 1 என்று வைத்தார்கள். பாதுகாப்பான வழிதான்; ஆனால் டர்போ முழுவேகம் பெறாத வேளையில் அத்தகைய எஞ்சின் சோர்ந்திருக்கும். ஜெட்ஃபயரின் பொறியாளர்கள் 10.25-க்கு 1 என்னும் உயர்ந்த விகிதத்தைக் கைவிட மனமின்றி, விமானத்தின் வித்தையைக் காருக்குக் கொண்டுவந்தார்கள். நீரும் மெதனாலும் பாதிக்குப் பாதி கலந்து, துருத்தடுப்புச் சேர்த்த ‘டர்போ ராக்கெட் திரவம்’ ஒரு தனிக் கலத்தில் இருந்தது. டர்போவில் அழுத்தம் எழுந்தவுடன் அத்திரவம், கார்பரேட்டருக்கும் காற்றழுத்திக்கும் இடையே காற்றோட்டத்தில் சேர்ந்தது. மூன்றரை லிட்டர் எஞ்சின் 215 குதிரைத்திறன் தந்தது. ஒரு கன அங்குலத்துக்கு ஒரு குதிரைத்திறன் என்பது அக்காலத்தில் விளம்பரத்துக்குரிய பெருமை.

கலம் காலியாகிவிட்டால்? அதையும் அவர்கள் எண்ணிப் பார்த்திருந்தார்கள். திரவம் தீர்ந்ததும், காற்றுக்குழாயிலிருந்த ஓர் அடைப்பு ஊதழுத்தத்தைக் குறைத்து எஞ்சினைக் காக்கும். இயந்திரம் பிழைத்தது, வணிகம் பிழைக்கவில்லை. வாங்கியவர்களுள் பலர் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்வதற்காக வலிமையைச் சுருக்கிக்கொண்டபோது, கார் கெட்டுவிட்டதென்று முறையிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், பத்தாயிரத்துக்கும் குறைவான கார்களுடன் ஜெட்ஃபயரின் கதை முடிந்தது. விற்ற கார்களிலிருந்தும் டர்போவைக் கழற்றிச் சாதாரணக் கார்பரேட்டரைப் பொருத்தித்தர நிறுவனமே முன்வந்தது. விமானத்தின் திரவக் கலத்தை ஒவ்வொரு பயணத்துக்கும் முன் நிரப்பப் பயிற்சி பெற்ற பணியாளர் இருந்தார். காருக்கு அவர் இல்லை. நான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன வேறுபாடு இதுவே.

பின்வந்த ஆண்டுகளில் காரின் எஞ்சினே மாறிற்று. கார்பரேட்டர் மறைந்து, ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனியே எரிபொருளைப் பீச்சும் முறை வந்தது. காற்றழுத்தியிலிருந்து வரும் சூடான காற்றை வெளிக்காற்றால் குளிர்விக்கும் இன்டர்கூலர் என்னும் இடைக்குளிர்விப்பான் வந்தது. இருந்தும், பந்தயக் கார்களுக்கும் ஆற்றலை மிகுதிப்படுத்திய கார்களுக்கும் அது மட்டும் போதவில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஃபார்முலா 1 பந்தயங்களில் ரெனோ, ஃபெராரி அணிகள் தங்கள் டர்போ எஞ்சின்களில் மீண்டும் நீரை நாடின. இப்பொழுது, காற்று செல்லும் பாதை நீண்டுவிட்டதால், தூவுமுனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் கிடைத்தன. அவ்விடங்களை வரிசையாக ஆராய்வோம்.

முதலிடம் காற்றழுத்திக்கு முன்னர். இது விமானம் காட்டிய வழி. இங்குத் தூவினால் அழுத்தும் வேலையே சற்று எளிதாகும். ஆனால் காரின் டர்போ சிறியது. நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்குமேல் சுழல்வது. அதன் அலுமினிய இதழ்களின் விளிம்பு ஒலியைவிட விரைந்து செல்லக்கூடும். அவ்வேகத்தில் மோதும் நீர்த்துளி மெல்லிய உளிக்கு ஒப்பாகும். துளி பெரிதாயிருந்தால் நாளடைவில் இதழின் விளிம்பு அரித்துப்போகும். எனவே இவ்விடத்தில் பொருத்துவோர், துளிகள் புகையைப் போல் நுண்ணியவாகவும், அளவு மிகச் சிறியதாகவும், தூவல் சக்கரத்தின் நடுமையத்தை நோக்கியதாகவும் இருக்குமாறு கருத்தூன்ற வேண்டும்.

இரண்டாம் இடம் காற்றழுத்திக்கும் இடைக்குளிர்விப்பானுக்கும் நடுவில். காற்று மிகச் சூடாக இருப்பது இங்கேதான். ஆதலால் நீர் விரைவில் ஆவியாகும் என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இதுவே சிறந்த இடமாகத் தோன்றும். சற்றுச் சிந்தியுங்கள். இடைக்குளிர்விப்பான் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பது, உள்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. நீரைத் தெளித்து உள்காற்றை முன்பே குளிர்வித்துவிட்டால், செலவின்றி நடந்துகொண்டிருந்த வேலையைக் குறைத்துவிட்டு, அதே வேலைக்கு நாம் சுமந்து செல்லும் நீரைச் செலவிடுகிறோம். மேலும், ஆவியான நீர் குளிர்ந்த குழாய்களில் மீண்டும் துளியாகி அடியில் தேங்கும். எனவே இவ்விடத்தை அறிந்தோர் பொதுவாகத் தவிர்ப்பர்.

மூன்றாம் இடம் இடைக்குளிர்விப்பானுக்குப் பின்னர், எஞ்சினின் காற்றுவாயிலுக்கு முன்னர். பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இவ்விடத்தையே. வெளிக்காற்று செய்யவேண்டிய குளிர்விப்பை முடித்தபின், எஞ்சிய சூட்டை நீர் தணிக்கிறது. இங்கு ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். எரிபொருளின் எடையில் பத்தில் ஒரு பங்கு நீர் தூவுவதாகக் கொண்டால், ஒரு கிலோகிராம் காற்றுக்கு ஏறத்தாழ 8 கிராம் நீர் சேரும். அது முழுதும் ஆவியானால் அக்காற்றின் வெப்பநிலை 19 டிகிரி அளவு தாழும். ஆனால் அத்தனையும் குழாயிலேயே ஆவியாகிவிடும் என்று எண்ணலாகாது. கடலோரத்து ஈரக் காற்றில் மேலும் ஆவியை ஏற்க இடம் குறைவு. எஞ்சிய துளிகள் உருளைக்குள் சென்று, பிஸ்டன் கலவையை அழுத்தும்போது ஆவியாகின்றன. அதுவும் நன்மையே, தட்டல் பிறக்கும் இடத்துக்கே தணிப்பு போய்ச் சேருகிறது.

இவ்விடத்திலும் இடர்கள் உண்டு. முனைக்குப் பின்னால் காற்றின் வெப்பத்தை அளக்கும் உணர்கருவி அருகிலேயே இருந்தால், அதன்மேல் நீர் பட்டுப் பொய்யளவு காட்டும். அப்பொய்யை நம்பும் மின்னணுக் கட்டுப்பாடு மின்பொறியின் நேரத்தைத் தவறாகக் கணிக்கும். முனைக்குச் சற்றுப் பின்னாலேயே குழாய் வளைந்திருந்தால், காற்று வளைவில் திரும்பிவிடும்; காற்றைவிடக் கனமான துளிகள் திரும்பமாட்டாமல் நேரே போய்ச் சுவரில் மோதி வழியும். ஓடும் பேருந்து திடீரென்று திரும்பும்போது உட்கார்ந்திருப்பவர் ஒரு பக்கமாகச் சாய்வதும் இதே நிலைம விதியால்தான். ஆகவே கலப்பதற்குப் போதுமான நேர்க்குழாய் வேண்டும். முனையும் சுவரின் உட்பரப்புக்குள் புதைந்திராமல் காற்றோட்டத்தைத் தொட்டிருக்க வேண்டும்.

நான்காம் இடம் ஒவ்வோர் உருளையின் உள்வாயில். மூன்றாம் இடத்தின் பெருங்குறை பங்கீட்டில் உள்ளது. எல்லா உருளைகளுக்கும் பொதுவான காற்றுப்பெட்டி உலர்ந்த காற்றைப் பங்கிடுவதற்காக அமைக்கப்பட்டது. நீர்த்துளிகள் அதன் கடைக்கோடிவரை நேராகப் பறப்பதால், கடைசி உருளைகள் மிகுதியாகவும் முதல் உருளைகள் குறைவாகவும் நீரைப் பெறுவதுண்டு. ஒரே பந்தியில் ஒருவர் இலையில் அள்ளிக் கொட்டி, அடுத்தவர் இலையில் சொட்டுவிடுவது போன்றது இது. நீர் பெறாத உருளை முதலில் தட்டும். சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியின் வலிமையே என்பதுபோல், எஞ்சினின் காப்பும் அந்த ஓர் உருளையைப் பொறுத்துவிடும். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு முனை வைத்தால் பங்கீடு நேராகும். ஆனால் கலப்பதற்கு நேரம் குறையும். முனைகளின் எண்ணிக்கை பெருகும். துளையோ ஊசிக்கண்ணினும் சிறிது. உப்பு நீரை ஊற்றினால் ஒரு முனை அடைபடும். அந்த ஓர் உருளை யாரும் அறியாமல் வெந்துகொண்டிருக்கும். ஆதலால் காய்ச்சி வடித்த நீரும், தொட்டிக்கும் முனைக்கும் இடையே வடிகட்டியும் இன்றியமையாதவை.

காற்றுவாயிலுக்குப் பின்னர் முனை வைப்போர் மறக்கலாகாத மற்றொன்றும் உண்டு. வாயில் மூடியிருக்கும்போது அப்பகுதியில் வெற்றிடத்தை ஒத்த உறிஞ்சல் நிலவும். பம்ப் ஓடாவிட்டாலும் தொட்டியிலிருந்து திரவம் தானாக உறிஞ்சப்பட்டு எஞ்சினுக்குள் சொட்டும். தொட்டி முனையைவிட உயரத்தில் இருந்தால் நிறுத்திய வண்டியிலும் இது நேரும். உருளையில் தேங்கிய நீர் அழுத்தத்துக்கு இணங்காது. அடுத்த முறை எஞ்சினைச் சுழற்றும்போது, பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். காக்க வந்த நீரே கொல்லும் நீராகும். மின்சாரத்தால் திறந்து மூடும் சிறிய அடைப்பிதழ் ஒன்றை முனைக்கு அருகில் வைப்பது இந்த ஆபத்துக்குக் காப்பு.

இத்தனை பாடங்களும் ஒருங்கே திரண்டு வந்த காட்சியை 2016-இல் விற்பனைக்கு வந்த பி.எம்.டபிள்யூ. எம் 4 ஜி.டி.எஸ். காரில் காணலாம். பாஷ் நிறுவனத்தின் துணையுடன் அமைந்த அதன் ஏற்பாட்டில், ஆறு உருளைகளுக்கு மூன்று முனைகள். ஒவ்வொன்றும் இரண்டு உருளைகளுக்குப் பொறுப்பு. அவை பொதுக் காற்றுப்பெட்டியில் பொருத்தப்பட்டன. மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவே எடுத்த முடிவு இது: கலப்பதற்கு நேரமும் உண்டு, பங்கீட்டில் ஒழுங்கும் உண்டு. காற்றின் வெப்பம் ஏறத்தாழ 25 டிகிரி தாழ்ந்தது. எஞ்சின் 500 குதிரைத்திறன் தந்தது. மெதனால் இல்லை, வெறும் காய்ச்சி வடித்த நீரே. வண்டியை நிறுத்தியதும், குளிரில் உறைந்துவிடாதபடி குழாய்களிலுள்ள நீர் மீண்டும் தொட்டிக்கே இழுத்துக்கொள்ளப்படும். தொட்டி காலியானால் ஊதழுத்தம் தானே குறையும். 54 ஆண்டுகளுக்கு முன் ஜெட்ஃபயர் எண்ணிய அதே காப்பு, இங்கே கணிப்பொறியின் துணையோடு மீண்டும் வந்தது. ஆயினும் 5 லிட்டர் தொட்டியை நிரப்ப வேண்டியவர் அன்று போலவே மனிதர்தாம்.

இவ்வரலாற்றை நான் எதற்காகத் தேர்ந்தெடுத்தேன் என்று கூறி முடிக்கிறேன். நீர் ஒன்றே, அதன் உள்ளுறை வெப்பமும் பாங்கியின் காலத்திலிருந்து இன்றுவரை மாறவில்லை. விளைவை மாற்றியது அது விழுந்த இடம். சக்கரத்தின் வாயிலில் விழுந்து விமானத்தை உயர்த்தியது. தவறான இடத்தில் விழுந்தால் இதழை அரித்தது, உணர்கருவியை ஏமாற்றியது, தண்டை வளைத்தது. விதியை அறிந்தவர் பலர். அந்த விதி எவ்விடத்தில், எந்த அளவில், எந்த நேரத்தில் செயற்பட வேண்டும் என்று ஆராய்ந்தவரே பொறியியலறிஞர் ஆனார். அவர்களுள்ளும், தொட்டி காலியாகும் நாளையும், அதை மறக்கப்போகும் மனிதரையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர்களின் படைப்பே எஞ்சினைக் காத்தது.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் அடுத்த முறை உள்ளுறை வெப்பத்தை அளக்கும்போது, 540 என்னும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதியதோடு நின்றுவிடாதீர்கள். அந்த 540 கலோரியை எங்கே செலவிடுவது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நூறாண்டுகளுக்கு மேலாக அறிஞர் பலரை உழைக்க வைத்த கேள்வி அது; இன்னும் முழுதும் விடை கண்டு முடியாத கேள்வியும் அதுவே.